வளைவின் வெளிப்பக்கம்: பைன் போன்சாய் தண்டை வளைத்துக் கற்றவை

நான் வளைத்துச் சாகடித்த முதல் பைன் மரம், செத்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே நின்றது.

அது தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் போன்சாய், ஒரு ஜப்பானியக் கருப்புப் பைன். ஏழெட்டு வயது இருக்கும். தண்டு கட்டைவிரல் தடிமன். அடியில் வேர்கள் நன்றாகப் பரந்திருந்தன, கிளைகளும் வேண்டிய இடங்களில் இருந்தன. தண்டு மட்டும் நட்டுவைத்த கம்பம் போல நேராக இருந்தது. வசந்த காலம், நுனி மொட்டுகள் மெழுகுவத்திகள் போல நீண்டு எழுந்திருந்தன. மரம் நல்ல வேகத்தில் இருக்கிறது, இப்போது வளைத்தால் சீக்கிரம் தேறிவிடும் என்று நினைத்தேன். தடித்த அலுமினியக் கம்பியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் வளைத்துவிட்டேன். சத்தமே வரவில்லை. ஒடியாமல் வளைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். வளைக்கும்போது கம்பிக்கு அடியில் பட்டை லேசாக நழுவியது விரலுக்குத் தெரிந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

அந்த நழுவலோடு மரத்தின் கதை முடிந்திருந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்ற வளர்திசு மெல்லிய படலமாக இருக்கிறது. தண்டு பருப்பதும் காயம் ஆறுவதும் அதனால்தான். வசந்தத்தில் அது மும்முரமாகப் புதிய செல்களை உண்டாக்கும். அந்தச் செல்களின் சுவர் மெல்லியது, உள்ளே ஈரம் நிறைந்தது. அந்த நேரத்தில் தண்டைத் திருகினால் உறை கழல்வது போலப் பட்டை கட்டையை விட்டு விலகிவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஆனால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் அது சிதைந்துபோனால் வேர் பட்டினி கிடக்கும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. முதல் வாரம் மரத்தில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரம், நீண்டுகொண்டிருந்த மொட்டுகள் அப்படியே நின்றுவிட்டன. அவற்றிலிருந்து ஊசிகள் பிரியவில்லை. அப்புறம் பழைய ஊசிகளின் பளபளப்பு போய், மேலே தூசி படிந்தது போல ஒரு மங்கல் வந்தது. தூசிதான் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துக் கழுவிப் பார்த்தேன். மங்கல் போகவில்லை. மூன்றாவது மாதம் மரம் முழுவதும் பழுத்துப் பழுப்பானது. வளைவுக்கு மேலே நகத்தால் சுரண்டினேன். உயிருள்ள மரத்தில் அங்கே ஈரமான வெளிர்பச்சை இருக்கும். இதில் காய்ந்த பழுப்பு நிறம்தான் இருந்தது.

பைன் ஊசிக்கு மெழுகுப் பூச்சு உண்டு. அது தண்ணீரை மெதுவாகத்தான் இழக்கும். வெட்டிய பைன் கிளையை ஒரு மூலையில் போட்டுவைத்தால்கூட வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். அதனால் பைனை வளைத்த பிறகு அது பச்சையாக இருக்கிறது என்பதை நான் இப்போது ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. மொட்டு நகர்கிறதா, ஊசியில் பளபளப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். இந்தக் கலையில் எனக்கு மூத்த ஒருவர் அப்போது சொன்னது இது: “பச்சையை நம்பாதீங்க தம்பி. மொட்டு அசைஞ்சாத்தான் மரம் உங்களை மன்னிச்சதா அர்த்தம்.”

அதற்கப்புறம் ஒரு வருடம் எந்தத் தண்டையும் நான் தொடவில்லை. பெரிய மரங்களிலிருந்து கழித்துப்போட்ட பச்சைக் கிளைகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றாக வளைத்து ஒடித்துப் பார்த்தேன். யாராவது இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கினால் முதலில் இதைச் செய்யச் சொல்வேன். கிளை ஒடியப்போகும்போது கைக்கு என்ன தெரிகிறது, காதுக்கு என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் ஒடித்த கிளைகளில் ஒன்றுகூட வளைவின் உள்பக்கத்திலிருந்து ஒடியவில்லை. எல்லாமே வெளிப்பக்கத்தில், இழுபடும் பக்கத்தில்தான் தொடங்கின.

ஒரு கணக்கு போட்டால் இது தெளிவாகும். 20 மில்லிமீட்டர் தடிமனான தண்டின் நடுக்கோடு 100 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் 10 சதவீதம் நீள வேண்டும், உள்பக்கம் 10 சதவீதம் சுருங்க வேண்டும். சுருங்குவதை மரம் பொறுத்துக்கொள்ளும். நார்கள் மடிந்து நெருங்கிக்கொள்ளும். நீள்வதுதான் அதற்கு ஆகாது. ஆவியில் வேகவைத்து மென்மையாக்கிய மரக்கட்டைகூட 25 சதவீதம் வரை சுருங்கிக் கொடுக்கும், ஆனால் 1 அல்லது 2 சதவீதத்துக்கு மேல் நீளாது. 19ஆம் நூற்றாண்டில் மிக்கேல் தோனெட் பீச் மரத்தை வளைத்து நாற்காலிகள் செய்தபோது, இதற்காகவே கட்டையின் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுக்கிப் பிடித்து வளைத்தார். இரும்பு நீளாது, அதனால் வெளிப்பக்க நார்களும் நீள வேண்டியதில்லை. சுருக்கம் மொத்தமும் உள்பக்கத்துக்குப் போய்விடும். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலியின் முதுகு வளைவு அப்படி உருவானதுதான். போன்சாயில் தண்டைச் சுற்றி நார் கட்டி, வெளிப்பக்கம் நீளவாக்கில் கம்பிகள் வைப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. நார் கட்டுவது பட்டையைக் காப்பாற்ற மட்டும் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இரண்டாவது மரம் ஒரு ஸ்காட்ஸ் பைன். தடிமன் சுமார் 20 மில்லிமீட்டர். இந்த முறை குளிர்காலம் வரை காத்திருந்தேன். பைன் தண்டைப் பெரிதாக வளைக்கப் பிந்திய இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலக் கடைசி வரை சரியான நேரம். வளர்ச்சி அடங்கியிருக்கும், பட்டை கட்டையோடு இறுகப் பிடித்திருக்கும். ஆனால் மரம் உறைந்துபோயிருக்கும் நாளில் மட்டும் கை வைக்கக் கூடாது. உறைந்த கட்டை சடக்கென்று முறிந்துவிடும்.

வளைப்பதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றவில்லை. செல்களுக்குள் நீரின் அழுத்தம் குறைந்தால் தண்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். மண் முழுதாகக் காய்ந்துபோகிற அளவுக்குப் போகக் கூடாது. மேல்மண் உலர்ந்தால் போதும். ராஃபியா நாரைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். ராஃபியா ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து உரித்தெடுக்கும் நார். ஊறினால் துணி போல மென்மையாகும், காயும்போது இறுகும். எட்டுப் பத்து இழைகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, அடியிலிருந்து மேலே, ஒரு சுற்று இன்னொரு சுற்றின் பாதியை மூடும்படி இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் விரலால் தள்ளிப் பார்த்தேன். நார் தண்டின் மேல் நழுவியது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினேன். மூன்றாம் முறைதான் நாரும் தண்டும் ஒன்றாக அசைந்தன. இந்த இடத்தில் அரைகுறையாக விட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். நார் கிடைக்காதவர்கள் சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டியோ, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பையோ பயன்படுத்தலாம். நானே இப்போது பெரும்பாலும் ரப்பர் டேப்தான் சுற்றுகிறேன். ஸ்காட்ஸ் பைனின் மேல்தண்டில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய செதில்கள் இருக்கும். நார் அவற்றை உரித்துவிடுகிறது, ரப்பர் அவ்வளவு பாதிப்பதில்லை. பழைய கருப்புப் பைனின் வெடிப்புப் பட்டையும் அப்படித்தான். அது வர எத்தனையோ வருடங்கள் ஆகும், ஒரு நாள் கட்டில் நசுங்கிப்போகலாம். அங்கெல்லாம் டேப்புக்கு அடியில் பஞ்சுத்துணி ஒரு சுற்று வைத்துவிடுகிறேன்.

நாரின் மேல், வளைவின் வெளிப்பக்கமாக வரப்போகும் பகுதியில் நான்கு அலுமினியக் கம்பிகளைப் பக்கம் பக்கமாக நெட்டுக்கு வைத்தேன். அவற்றின் மேல் இன்னொரு அடுக்கு நார் சுற்றினேன். தோனெட்டின் இரும்புப் பட்டைக்கு இணையானது இதுதான். அதன் மேல் வளைப்புக் கம்பி. பொதுவாகத் தண்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனான கம்பி வேண்டும். அவ்வளவு தடித்த கம்பி இல்லையென்றால் இரண்டைச் சேர்த்துச் சுற்றலாம். சுற்றின் சாய்வு சுமார் 45 பாகை. எங்கே வளைக்கப்போகிறோமோ அந்த இடத்தின் வெளிப்பக்கத்தில் கம்பியின் ஒரு சுற்று கட்டாயம் வந்து உட்கார வேண்டும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவிலான வெற்றிடத்தில் வளைத்தால் தண்டு அந்த வெற்றிடத்தில்தான் ஒடியும். காய்ச்சி ஆறவைத்த செம்புக் கம்பி பிடிமானத்தில் அலுமினியத்தைவிட மேல். ஆனால் ஒருமுறை வளைத்ததும் அது இறுகிவிடும். நாள்விட்டு நாள்விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கும் வேலைக்கு அலுமினியம் எனக்கு ஒத்துவருகிறது.

இனி கை வேலை. இரண்டு கட்டைவிரல்களையும் வளைவின் உள்பக்கத்தில் ஒன்றையொன்று தொடும்படி வைத்து, மற்ற விரல்களால் வெளிப்பக்கத்தை அணைத்துப் பிடிக்க வேண்டும். நேராக மடக்காமல், முதலில் கம்பி சுற்றியிருக்கும் திசையிலேயே தண்டை மெல்லத் திருக வேண்டும். திருகும்போது கட்டையின் நார்கள் நீளவாக்கில் ஒன்றைவிட்டு ஒன்று இளகும். அந்த இளக்கத்திலேயே வளைத்துக்கொண்டு போக வேண்டும். எதிர்த்திசையில் திருகினால் கம்பி தளர்ந்துவிடும். அன்று இரண்டு விரற்கடை வளைந்ததும் உள்ளேயிருந்து மெல்லிய முறுகல் சத்தம் வந்தது, காய்ந்த சருகைக் கைக்குள் நொறுக்குவது போல. அங்கேயே நிறுத்தினேன். மறுநாள் காலை வெளிப்பக்கத்தில், இரண்டு நார்ச் சுற்றுகளின் நடுவில், ஒரு சொட்டு பிசின் கண்ணாடிமணி போலத் திரண்டு நின்றது. பதறிப்போனேன். பிசின் வருவது மரம் தன் காயத்தைத் தானே அடைக்கும் வழி என்று பிறகுதான் மனம் சமாதானமானது. சிறிய வெடிப்பை மரம் மூடிக்கொள்ளும். காயத்துக்கான பேஸ்ட்டைப் பூசிவிட்டால் போதும். தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெடிப்பு ஓடினால், அந்தக் குளிர்காலத்துக்கு அந்த மரத்தைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். மறுபடி மூன்று வாரம். நான் எதிர்பார்த்த வளைவில் பாதிதான் அந்தக் குளிர்காலத்தில் வந்தது. மீதி அடுத்த குளிர்காலத்தில்.

வளைத்த மரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது சுருக்கமான விஷயம்தான், ஆனால் பலர் கெடுப்பது இங்கேதான். அந்த வருடம் தொட்டி மாற்றக் கூடாது, வேரை வெட்டவே கூடாது. காற்று பலமாக அடிக்காத, லேசான நிழலுள்ள இடத்தில் சில வாரங்கள் வைத்து, ஊசிகளுக்கு நீர் தெளிக்கலாம். மொட்டு நகரத் தொடங்கும் வரை உரம் வேண்டாம். ஊசிகளைக் கழிக்கவும் கூடாது. பழைய பைன் கட்டையில், பச்சை ஊசியே இல்லாத இடத்தில், புது மொட்டு வருவது அபூர்வம். ஊசி முழுவதையும் இழந்த கிளை திரும்பி வராது.

மொட்டு நகர்ந்த பிறகு கதை தலைகீழ். முழு வெயிலும் நல்ல உரமும் கொடுத்து மரத்தை வளரவிட வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பழைய கட்டை வளைவை ஒத்துக்கொள்வதே இல்லை. விட்டால் திரும்பத்தான் பார்க்கும். வளைந்த நிலையில் அதன் மேல் புதிதாகச் சேரும் ஆண்டு வளையங்கள்தான் அதைப் பிடித்துவைக்கின்றன. சோர்ந்த மரத்தில் வளையம் தடிக்காது. கம்பி எத்தனை வருடம் இருந்தாலும் கழற்றிய அன்றே தண்டு நிமிர்ந்துவிடும். அதனால் நலிந்த மரத்தை வளைப்பது பாவம் மட்டுமில்லை, பயனும் இல்லை. கம்பியைக் கழற்றும்போது சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிரிக்கிற கையில் கிளைகள் ஒடிந்துவிடும். கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் பதியத் தொடங்கும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மூன்றாவது மரம், 45 மில்லிமீட்டர் தடிமனான கருப்புப் பைன். விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். அதனால் 20 மில்லிமீட்டர் தண்டோடு ஒப்பிட்டால் இதை வளைக்க ஏறக்குறைய 25 மடங்கு பலம் வேண்டும். கையால் ஆகாது. வெறும் ஜாக்கியை வைத்து நெருக்கினால் வெளிப்பக்கம் கிழிந்துவிடும். பழைய மரங்களைக்கூட மின்கருவிகளால் குடைந்து உருவத்தையே மாற்றிக்காட்டிய ஜப்பானிய போன்சாய் கலைஞர் மசாஹிகோ கிமுராவின் வேலைகளைப் படங்களில் பார்த்து வியந்திருக்கிறேன். என் கைக்கு எட்டியது தண்டுபிளப்பான் என்ற கருவிதான். இடுக்கி போல இருக்கும், வாய் மட்டும் கோடாலி முனை. வளைவு வரும் இடத்தில் தண்டை நெட்டுக்கு, சுமார் 12 சென்டிமீட்டர் நீளம், இரண்டாகப் பிளந்தேன். கனமான புத்தகத்தை மூடி இறுக்கிப் பிடித்தால் வளையாது, தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ இடம் கொடுத்தால் வளையும் அல்லவா, அதே கதைதான். பிளந்த இரண்டு பாதிகளும் தனித்தனியாக நழுவும்.

பிளவை மூடி ரப்பர் டேப்பால் இறுக்கிக் கட்டி, தொட்டிக்கு அடியில் ஒரு மரச்சட்டம் வைத்து, அதிலிருந்து தண்டின் மேற்பகுதிக்கு இழுகம்பி கட்டினேன். நடுவில் ஒரு டர்ன்பக்கிள், திருகினால் கம்பியை இறுக்கும் கருவி. கம்பி தண்டைத் தொடும் இடத்தில் தடித்த ரப்பர் துண்டு. வாரம் அரைச்சுற்று. அதற்கு மேல் ஒரு நாளும் திருகவில்லை, திருக எவ்வளவு கை துறுதுறுத்தாலும். குளிர்காலம் முழுவதும் அந்த அரைச்சுற்றுகளிலேயே போனது.

அந்த மரத்தில் ஒரு கிளை போய்விட்டது. பிளக்கும்போது கருவியை நடுவில் வைக்காமல் சற்று ஓரமாக வைத்துவிட்டேன். ஒரு பாதி தடியாகவும் மற்றது மெலிதாகவும் ஆனது. மெலிந்த பாதிக்கு நேர் மேலே இருந்த கிளைக்குப் போதிய நீர் போகவில்லை. வசந்தத்தில் மற்ற மொட்டுகளெல்லாம் எழுந்தபோது அந்தக் கிளையின் மொட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. பிளக்கும் முன் கிளைகள் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன என்று சாக்பீஸால் தண்டில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும், பிளவு எந்த முக்கியக் கிளையின் நேர்கீழேயும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கிளையைக் கொடுத்து நான் வாங்கிய பாடம். அதன் பட்டையை உரித்து ஜின்னாக, வெளுத்த காய்ந்த கொம்பாக, விட்டுவைத்திருக்கிறேன்.

இத்தனையும் செய்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தடித்த தண்டைத் தொடும் முன் மரத்தைத் தொட்டியோடு சாய்த்துப் பாருங்கள். 15, 20 பாகை சாய்த்தாலே நேர்த்தண்டின் விறைப்பு பாதி மறைந்துவிடும். அடுத்த தொட்டி மாற்றத்தில் அந்தச் சாய்விலேயே நட்டுவிட்டு, மெலிந்த மேல்பகுதியை மட்டும் வளைத்தால் போதும். அடித்தண்டு நேராக நிற்க, நடுவில் திடீரென்று பெரிய வளைவு வந்தால் மரம் பொய்யாகத் தெரியும். உயரமாக மெலிந்த தண்டென்றால் ‘புன்ஜின்’ (bunjin) என்ற ஜப்பானியப் பாணி இருக்கவே இருக்கிறது. அதற்கு மெல்லிய நெளிவுகளே போதும். இன்னொன்று: வெள்ளைப் பைன்களைப் பெரும்பாலும் கருப்புப் பைன் வேரில் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். அந்த ஒட்டு இருக்கும் இடத்தில் வளைவு வைக்காதீர்கள்.

இப்போது விதையிலிருந்து கருப்புப் பைன்கள் வளர்க்கிறேன். இரண்டு மூன்று வயதில், பென்சில் தடிமனில், கம்பி சுற்றி விரலாலேயே வளைத்துவிடலாம். அந்த வயதில் நமக்கு அதிகம் என்று தோன்றும் அளவுக்கு வளைக்க வேண்டும். தண்டு பருக்கப் பருக்க வளைவின் உள்பக்கம் நிரம்பி, இன்று கொக்கி போலத் தெரிவது பத்து வருடத்தில் மெல்லிய நெளிவாகிவிடும்.

மூன்றாவது மரத்தை வளைத்து இப்போது மூன்று வருடம் ஆகிறது. போன குளிர்காலத்தில் டர்ன்பக்கிளைத் தளர்த்திப் பார்த்தேன். தண்டு ஒரு விரற்கடை பின்வாங்கியது. மறுபடி இறுக்கி, ரப்பர் துண்டைப் பழைய இடத்திலிருந்து சற்று மேலே நகர்த்தி வைத்தேன். இன்னும் ஒரு வருட வளையம் சேரட்டும்.